சக்கரத்தின் மேல் பதினான்கு நாட்கள்

எங்களுக்குக் கல்யாணமாகி இருபத்தேழு வருஷம் ஆகியிருந்த கோடையில், நானும் என் மனைவியும் படுக்கை, அடுப்போடு வீடு மாதிரியே இருக்கும் ஒரு ஆர்வி வண்டியை வாடகைக்கு எடுத்துக்கொண்டு நியூ ஜெர்சியிலிருந்து ஜார்ஜியா வரை கடற்கரையோரமாகப் போய் வந்தோம். கிளம்பும்போது நாங்கள் கணவன் மனைவி. திரும்பி வந்தபோதும் சட்டப்படி அப்படித்தான். ஆனால் ஐந்தாம் நாள் மத்தியானமே அது முடிந்துவிட்டது. மீதி ஒன்பது நாளும் அதே வண்டியில், அதே சின்ன மேசையில் சாப்பிட்டு, அதே குழாயில் முகம் கழுவிக்கொண்டு இருந்தோம்.

பயணம் போகலாம் என்று சொன்னது அவள்தான். எங்கள் ஒரே மகள் படிப்பு முடிந்து டெக்ஸாஸில் வேலைக்குப் போய் ஒரு வருஷம் ஆகியிருந்தது. ஈஸ்ட் பிரன்ஸ்விக் வீட்டில் நாங்கள் இருவர் மட்டும். நான் ஒரு மருந்துக் கம்பெனியில் கம்ப்யூட்டர் வேலை. அவள் ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு வீட்டிலிருந்தபடியே வேலை பார்த்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை காபியோடு ஒரு காகிதத்தையும் என் முன்னால் வைத்தாள். டெலவேர், மேரிலாந்து, வர்ஜீனியா, நார்த் கரோலினா, சௌத் கரோலினா, ஜார்ஜியா என்று வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே கடற்கரைப் பக்கம் வண்டி நிறுத்தும் இடங்களைக் குறித்திருந்தாள். சிலவற்றில் இடம் கூடப் பதிவு செய்திருந்தாள்.

எனக்கு ஆச்சரியமாக இருந்தது. தனக்கென்று எதையும் கேட்கிறவள் இல்லை அவள். இது நல்ல அறிகுறி என்று எடுத்துக்கொண்டேன். மகள் போனபிறகு எங்களுக்குள் பேச்சு குறைந்திருப்பது எனக்கும் தெரிந்திருந்தது. அதை அவளே சரிசெய்யப் பார்க்கிறாள் என்று நினைத்து நிம்மதியாகக் கூட இருந்தது.

வண்டி இருபத்தைந்து அடி நீளம். உள்ளே கட்டில், இரண்டு பர்னர் அடுப்பு, குளிர்சாதனப் பெட்டி, உட்கார்ந்தால் முழங்கால் கதவில் இடிக்கும் ஒரு குளியலறை. வாடகைக்குக் கொடுத்த இளைஞன் தண்ணீர்க் குழாயை எங்கே மாட்டுவது, கழிவுநீர்த் தொட்டியை எப்படிக் காலி செய்வது என்றெல்லாம் காட்டினான். நான் தலையாட்டிக்கொண்டே நின்றேன். அவள் ஒரு சின்ன நோட்டில் எழுதிக்கொண்டாள். "இதெல்லாம் எழுதணுமா, யூட்யூப்ல இருக்கே" என்று சொன்னேன். அவள் எழுதி முடித்துவிட்டுத்தான் நோட்டை மூடினாள்.

கேப் மேயிலிருந்து ஃபெர்ரியில் வண்டியை ஏற்றி டெலவேர் போனோம். கப்பலின் மேல்தளத்தில் துப்பட்டாவைத் தலையில் கட்டிக்கொண்டு, வெயிலில் கண்ணைச் சுருக்கியபடி அவள் நின்றாள். நான் போட்டோ எடுத்தேன். மேரிலாந்தில் ஒரு தீவில் காட்டுக் குதிரைகள் கடற்கரையில் சாதாரணமாக நடந்து போயின. ஒரு குதிரை எங்கள் மடக்கு நாற்காலியை முகர்ந்து பார்த்துவிட்டுப் போனது. அன்று அவள் புளியோதரை செய்தாள். மணலில் உட்கார்ந்து சாப்பிட்டோம். என்னைக் கேட்டால், அந்த நான்கு நாட்களும் நன்றாகத்தான் போயின என்று சொல்லியிருப்பேன்.

நான் ஓட்டினேன். அவள் பக்கத்தில் உட்கார்ந்து வழி சொன்னாள். பல நேரம் அவள் சொன்ன வழியை விட்டுவிட்டு நான் வேறு வழியில் போனேன். ஊர் வந்ததும் குழாய் மாட்டுவாள், நான் போய் இன்னொரு தடவை திருகிப் பார்ப்பேன். இதெல்லாம் அப்போது எனக்குத் தெரியவே இல்லை. பின்னால் அந்த நாட்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது.

ஐந்தாம் நாள் நார்த் கரோலினாவின் அவுட்டர் பேங்க்ஸ் போய்ச் சேர்ந்தோம். ரெண்டு பக்கமும் தண்ணீர், நடுவில் நாடா மாதிரி நீளமாகப் போகும் மணல் திட்டு. எங்களுக்கு ஒதுக்கிய இடத்தில் வண்டியைப் பின்னோக்கி விட வேண்டும். அவள் இறங்கிப் பின்னால் போய் நின்று கை காட்டினாள். பின்பக்கக் கேமராவில் எனக்கு எல்லாம் தெரிந்தது. அவள் நிறுத்தச் சொல்லிக் கையை உயர்த்தியதும் தெரிந்தது. இன்னும் நாலு அடி இருக்கிறதே என்று நான் விட்டேன். நிழலுக்கு விரிப்பதற்காகப் பக்கவாட்டில் சுருட்டி வைத்திருந்த ஆனிங் துணி ஒரு மின்கம்பத்தில் மாட்டி, அதன் இரும்புக் கை வளைந்து, துணி நீளமாகக் கிழிந்தது. கேமராவில் பக்கவாட்டுப் பகுதி தெரியாது.

பக்கத்து வண்டிக்காரருக்கு எழுபது வயது இருக்கும். கயிறும் டேப்பும் கொண்டுவந்து, கிழிந்ததைச் சுருட்டி எங்களோடு சேர்ந்து கட்டிக் கொடுத்தார். அவர் போனதும் அவள் உள்ளே போய் டீ போட்டாள். இரண்டு கப்பையும் மேசையில் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"நான் ஒண்ணு சொல்லணும். நடுவுல பேசாதீங்க."

சரி என்றேன். ஆனிங் விஷயமாகத் திட்டப் போகிறாள் என்று நினைத்தேன்.

"இந்த ட்ரிப் முடிஞ்சதும் நான் டெக்ஸாஸ் போயிடறேன். ரவுண்ட் ராக்ல ஒரு அபார்ட்மென்ட் பாத்து வெச்சிருக்கேன். பாப்பா இருக்கற எடத்துலேர்ந்து பத்து நிமிஷம். செப்டம்பர்லேர்ந்து லீஸ்."

"எத்தன நாளைக்கு?" என்று கேட்டேன்.

அவள் என்னையே பார்த்தாள். "நான் திரும்பி வர மாட்டேன்."

வாயில் வந்ததைக் கேட்டேன். "ஆனிங் கிழிஞ்சதுக்கா?"

அவள் சிரித்துவிட்டாள். கேலியாக இல்லை, களைத்துப்போன சிரிப்பு. அதற்கப்புறம் மெதுவாகச் சொன்னாள். பெரிய காரணம் எதுவும் இல்லை, நான் அடித்ததில்லை, குடித்ததில்லை, யாரோடும் போனதில்லை, அதையெல்லாம் அவளே சொன்னாள். "ஆனா உங்ககூட இருந்தா நான் பேசறது எனக்கே கேக்க மாட்டேங்குது. எனக்கு ஐம்பது ஆச்சு. இனிமேலாவது கேக்கணும்."

அப்படியென்றால் எதற்கு இந்தப் பயணம் என்று கேட்டேன். சண்டை போட்டுவிட்டுப் போனதாக இருக்கக் கூடாது, ஒரு தடவையாவது இருவரும் நல்லபடியாக ஊர் சுத்திவிட்டு, வீட்டுக்குப் போய் நிதானமாகச் சொல்லலாம் என்று இருந்தாளாம். "இன்னைக்குக் கையத் தூக்கிட்டு நின்னேன் பாருங்க, அப்போ வாயில வந்துடுச்சு" என்றாள்.

டீ ஆறிப்போயிருந்தது. அவள் என் கப்பையும் எடுத்துக்கொண்டு போய்க் கழுவினாள்.

மறுநாள் காலை சிக்னல் கிடைக்கும் இடம் வரை மணலில் நடந்து போய் மகளைக் கூப்பிட்டேன். அவளுக்கு முன்பே தெரிந்திருந்தது. அபார்ட்மென்டைப் போய்ப் பார்த்ததே அவள்தான். நான் தமிழில் என்னென்னவோ கேட்டேன். அவள், "அப்பா, ஐ ஆனஸ்ட்லி தாட் யூ நியூ" என்றாள். எனக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்தாளாம். வீட்டிலிருந்த மூன்று பேரில் எனக்கு மட்டும்தான் தெரியவில்லை.

வண்டியைத் திருப்பிவிடலாமா என்று மனைவியிடம் கேட்டேன். வேண்டாம் என்றாள். "இந்தக் கடற்கரைய முழுசாப் பாக்கணும்னு ரொம்ப நாளா ஆச. உங்களுக்கு முடியும்னா போலாம். முடியலேன்னா சொல்லுங்க, இங்கேர்ந்தே நான் பஸ் பிடிச்சுக்கறேன்." நான் போகலாம் என்றேன். அவளை நல்லபடியாகக் கொண்டுபோகவேண்டும் என்று சொல்லிக்கொண்டாலும், உள்ளுக்குள் ஒரு கணக்கு இருந்தது. இன்னும் ஒன்பது நாள் கையில் இருக்கிறது, அதற்குள் மனசை மாற்றிவிடலாம்.

அந்தக் கணக்கோடுதான் மூன்று நாள் ஓடின. ஓக்ரகோக் தீவிலிருந்து பெரிய ஃபெர்ரியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் பயணம். கப்பலிலிருந்து இறங்கியதும் நீ ஓட்டிப் பார்க்கிறாயா என்று கேட்டேன். அவள் நம்பாமல் பார்த்துவிட்டு ஸ்டீயரிங்குக்குப் போனாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து வாயை மூடிக்கொண்டேன். வலது கால் மட்டும் தரையில் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே இருந்தது. அவள் நன்றாக ஓட்டினாள். பாலங்களில் என்னைவிட நிதானமாகப் போனாள். ஓட்டாமல் உட்கார்ந்திருந்தபோதுதான், ஆறு நாளாகக் கடலோரமாக வந்தும் நான் கடலைப் பார்க்கவே இல்லை என்று தெரிந்தது.

அன்று சாயங்காலம் ஒரு கடற்கரையில் அவள் நீச்சலுடை போட்டுக்கொண்டு தண்ணீரில் இறங்கினாள். இடுப்பளவு போய்த் திரும்பிவிடுவாள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் அலையைத் தாண்டி நீந்திப் போனாள். நான் பேன்ட்டோடு முழங்கால் வரை தண்ணீருக்குள் ஓடினேன். திரும்பி வந்து தலையைத் துவட்டிக்கொண்டபோது, செவ்வாய்க்கிழமைதோறும் ஒரு வருஷமாக நீச்சல் கற்றுக்கொண்டிருப்பதாகச் சொன்னாள். செவ்வாய்க்கிழமை அவள் காய்கறி வாங்கப் போகிறாள் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"சொன்னேன். ரெண்டு தடவ சொன்னேன்."

அன்று நான் சமைத்தேன். ரசம் மாதிரி ஒன்று. அவள் குறை சொல்லாமல் சாப்பிட்டாள். பிறகு தன் அப்பாவைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள். அவர் திருச்சியில் ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஆற்றில் அண்ணனுக்கு மட்டும் நீச்சல் சொல்லிக் கொடுத்தாராம், இவளைக் கரையில் துணிக்குக் காவல் உட்கார வைப்பாராம். சிரித்துக்கொண்டே சொன்னாள். பிறகு அவர் செத்த வருஷத்தைப் பற்றிப் பேச்சு வந்தது. இத்தனை வருஷத்தில் அதைப் பற்றி நாங்கள் இரண்டு வாக்கியத்துக்கு மேல் பேசியதில்லை.

"அத வெச்சு நான் உங்ககிட்ட கோவமா இருக்கேன்னு நெனச்சுக்காதீங்க. லாயர் போகக் கூடாதுன்னு சொன்னப்புறம் நீங்க என்ன பண்ண முடியும்?" என்றாள்.

ரசத்தில் புளி அதிகமாகிவிட்டது என்று சொல்லி எழுந்துவிட்டேன்.

நடந்தது இதுதான். அந்தப் பயணத்துக்குப் பதினாறு வருஷத்துக்கு முன்னால் நாங்கள் ஈஸ்ட் பிரன்ஸ்விக்கிலேயே ஒரு அபார்ட்மென்டில் இருந்தோம். மகளுக்கு ஆறு வயது. கிரீன் கார்டுக்கு விண்ணப்பம் போட்டிருந்த சமயம். அனுமதிக் காகிதம் வரும் முன்பு நாட்டைவிட்டுப் போனால் விண்ணப்பமே போய்விடலாம் என்று எல்லோரும் பயந்துகொண்டிருந்தோம். ஒரு காலையில் திருச்சியிலிருந்து அவள் அண்ணன் கூப்பிட்டார். அப்பா நெஞ்சுவலி வந்து போய்விட்டார். அவள் அழக்கூட இல்லை. அலமாரி மேலிருந்து பெட்டியை இறக்கித் துணி எடுத்து வைக்க ஆரம்பித்தாள். இரு, லாயரிடம் கேட்கிறேன் என்று சொல்லி நான் வெளியே வந்து கூப்பிட்டேன். லாயர் எடுக்கவில்லை. மெஷினில் செய்தி சொல்லிவிட்டு அங்கேயே நின்றேன். இவள் போய் அங்கே மாட்டிக்கொண்டால் என்ன செய்வது, குழந்தையை யார் பார்ப்பது, அந்த மாதம் ஆபீசில் என் வேலை நிலைக்குமா என்பதே தெரியாமல் இருந்தது. உள்ளே போய், "லாயர் போக வேண்டாம்னு சொல்றார்" என்றேன். அவள் பெட்டியில் வைத்த துணியைத் திரும்ப எடுத்து அலமாரியில் வைத்தாள்.

பொய் அதோடு நிற்கவில்லை. ஒரு மணி நேரம் கழித்து அவள் அண்ணன் என் செல்போனுக்குக் கூப்பிட்டார். "தங்கச்சி வர்றான்னா ரெண்டு நாள் ஃப்ரீசர் பெட்டில வெச்சிருக்கோம் மாப்பிள்ள" என்றார். வர முடியாது, காத்திருக்க வேண்டாம் என்று நானே சொல்லிவிட்டேன். அதை அவளிடம் சொல்லவில்லை. மூன்றாம் நாள் லாயர் திருப்பிக் கூப்பிட்டார். சாவு மாதிரி அவசரமென்றால் இமிக்ரேஷன் ஆபீசுக்கு நேரில் போய்ச் சீக்கிரமாகவே அனுமதி வாங்கியிருக்கலாமே, செக்ரட்டரியிடம் சொல்லியிருக்கக் கூடாதா என்று கேட்டார். அதையும் சொல்லவில்லை. முதலில் அவள் நொறுங்கிப்போயிருந்தாள் என்று சொல்லாமல் விட்டேன். அப்புறம் நாளாகிவிட்டது என்று விட்டேன். அப்புறம் எனக்கே அது நடக்காதது மாதிரி ஆகிவிட்டது.

ஒன்பதாம் நாள் சௌத் கரோலினாவில், சார்ல்ஸ்டனுக்குத் தெற்கே ஒரு கேம்ப் கிரவுண்டில் இருந்தோம். காலையிலிருந்து மழை. அங்கேயே இருந்த சலவை அறையில் துணி துவைத்துக்கொண்டிருந்தோம். வேறு யாரும் இல்லை. டிரையரிலிருந்து எடுத்த சூடான படுக்கை விரிப்பை ஆளுக்கொரு முனை பிடித்து மடித்துக்கொண்டிருந்தபோது நான் சொன்னேன். முதலில் லாயர் விஷயம். அப்புறம் அண்ணன் கூப்பிட்டது.

அவள் விரிப்பைக் கீழே போடவில்லை. என் பக்கம் வந்து முனையோடு முனை சேர்த்தாள், திரும்பவும் இன்னொரு மடிப்பு மடித்தாள், மேசையில் வைத்தாள்.

"அண்ணன் ரெண்டு நாள் வெச்சிருக்கேன்னு சொன்னானா?"

"ஆமா."

அவள் அங்கிருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தாள். இன்னொரு மெஷின் சுற்றிக்கொண்டிருந்தது. அது நின்றதும் கேட்டாள்.

"இத ஏன் இப்போ சொன்னீங்க?"

"உன்கிட்ட எதையும் மறைக்கக் கூடாதுன்னு."

"பதினாறு வருஷம் மறைச்சீங்க. இன்னும் ஒரு மாசத்துல நான் போயிருப்பேன். உங்கமேல கோவமில்லாம போயிருப்பேன்." அவள் குரல் உயரவே இல்லை. "உங்களுக்கு பாரம் எறங்கிடுச்சு. நான் இத எங்க எறக்கி வெக்கறது?"

உண்மையைச் சொன்னால் அவள் என் பக்கம் கொஞ்சம் நகர்ந்து வருவாள் என்று நான் எதிர்பார்த்திருந்தேன். அந்தக் கேவலமான எதிர்பார்ப்பு அவளுக்கும் தெரிந்திருக்கும். மடித்த துணிகளைக் கூடையில் அடுக்கிக்கொண்டு, மழையில் நனைந்தபடியே வண்டிக்குப் போனாள்.

அதற்குப் பிறகு இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. சமையல் நடந்தது, குழாய் மாட்டுவது நடந்தது. ஜார்ஜியா எல்லை வந்தபோது பலகையை வாய்விட்டுப் படித்தேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தாள். சவானாவைத் தாண்டி டைபீ என்ற தீவுதான் அவள் காகிதத்தில் கடைசி இடம். அங்கே போய்ச் சேர்ந்த மறுநாள் காலை செல்போனை எடுத்துக்கொண்டு கடற்கரைக்குப் போனாள். திருச்சியில் அப்போது சாயங்காலம். நான் தூரத்தில் மரப்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். தண்ணீர் ஓரமாக முன்னும் பின்னும் நடந்து பேசினாள். நடுவில் ஒரு தடவை அப்படியே மணலில் குந்தி உட்கார்ந்துவிட்டாள். எழுந்து போகலாமா என்று நினைத்தேன். போகவில்லை.

ஒரு மணி நேரத்துக்குப் பிறகு வந்து, எனக்கு இரண்டு படி கீழே உட்கார்ந்தாள். முகம் வீங்கியிருந்தது.

"நீங்க வேண்டாம்னு சொன்னப்புறமும் மறுநாள் சாயங்காலம் வரைக்கும் வெச்சிருந்தாங்களாம். ஒருவேள மனசு மாறி வருவேனோன்னு."

கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"நான்தான் வரலேன்னு சொன்னதா அண்ணன் இத்தன வருஷமா நெனச்சிட்டு இருந்திருக்கான். அமெரிக்கா முக்கியமாப் போச்சு அவளுக்குன்னு. அம்மாவும் அப்படியே நெனச்சுட்டுத்தான் செத்திருக்கா."

அவள் அம்மா இறந்து ஐந்து வருஷம் ஆகியிருந்தது. அந்தச் சாவுக்குப் போனாள். அங்கே யாரும் தன்னிடம் சரியாக முகம் கொடுத்துப் பேசவில்லை என்று வந்து சொன்னபோது, துக்க வீட்டில் அப்படித்தான் இருக்கும் என்று நான் சமாதானம் சொல்லியிருந்தேன்.

அப்பாவை எடுத்த அன்று அவள் போனில்தான் இருந்தாள். அது எனக்குத் தெரியும், ஆனால் மறந்திருந்தேன். காலிங் கார்டு வாங்கி, அண்ணன் பையன் பக்கத்தில் போனைப் பிடித்துக்கொண்டிருக்க, சமையலறைத் தரையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாளாம். சங்கு ஊதியது கேட்டதாம். அப்பாவைத் தூக்கும் நேரத்தில் கார்டில் நிமிஷம் தீர்ந்துவிட்டது. நான் அப்போது ஆபீசில் இருந்தேன். இன்னொரு கார்டு வாங்க அவளுக்குக் கார் இல்லை. மகளை ஸ்கூல் பஸ்ஸில் ஏற்றிவிட வேண்டிய நேரமும் வந்துவிட்டது. போய் ஏற்றிவிட்டு வந்தாள். இதையெல்லாம் கடலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். யாரோ ஒருத்திக்கு நடந்ததைச் சொல்வது மாதிரி இருந்தது.

நான் அழுதேன். அவள் திரும்பிப் பார்த்தாள், ஆனால் கையைப் பிடிக்கவில்லை. "அண்ணன்கிட்ட நீங்களே பேசணும்" என்று மட்டும் சொன்னாள்.

திரும்பும்போது கடற்கரைச் சாலையில் வரவில்லை. ஐ-95 ஃப்ரீவேயைப் பிடித்து நேராக வந்தோம். ஆளுக்கு இரண்டு மணி நேரம் என்று மாற்றி மாற்றி ஓட்டினோம். வர்ஜீனியாவில் ஒரு ரெஸ்ட் ஏரியாவில், லாரிகள் வரிசையாக நின்ற இடத்துக்குப் பின்னால் போய் அவள் அண்ணனைக் கூப்பிட்டேன். நடந்ததை அப்படியே சொன்னேன். நான் சொல்லச் சொல்ல அவர் ஒரு தடவை கூடக் குறுக்கே பேசவில்லை. முடித்ததும் லைன் கட்டாகிவிட்டதோ என்று பார்த்தேன். ஆகவில்லை.

"சரிங்க மாப்பிள்ள" என்றார். பிறகு, "வண்டி ஓட்டிட்டு இருக்கீங்க. பாத்துப் போங்க" என்று சொல்லி வைத்துவிட்டார்.

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். வண்டிக்குத் திரும்பி வந்தேன். அவள் ஓட்டுநர் இருக்கையில் தயாராக உட்கார்ந்திருந்தாள். பேசிவிட்டேன் என்றேன். தலையாட்டிவிட்டு வண்டியைக் கிளப்பினாள்.

மீதி வழியில் நடந்த பேச்செல்லாம் காரியப் பேச்சுதான். எந்தப் பாத்திரம் அவளுக்கு, கார் யார் பேரில் இருப்பது, மகளிடம் என்ன சொல்வது, தெரிந்தவர்களிடம் யார் சொல்வது. கோயிலில் பார்க்கிற ஆன்ட்டிமார் கேட்டால் வேலை விஷயமாக டெக்ஸாஸ் போயிருக்கிறாள் என்று சொல்லட்டுமா என்றேன். வேண்டாம், பொய் வேண்டாம் என்றாள். சரி என்றேன்.

வண்டியைத் திருப்பிக் கொடுத்தபோது அதே இளைஞன் கிழிந்த ஆனிங்கைச் சுற்றிப் பார்த்து, எப்படி ஆனது என்று கேட்டு எழுதிக்கொண்டான். என் மனைவி நிறுத்தச் சொன்னாள், நான் நிறுத்தவில்லை என்று ஆங்கிலத்தில் சொன்னேன். அவள் அப்போது சமையல் சாமான் பையைக் காரில் ஏற்றிக்கொண்டிருந்தாள். காதில் விழுந்ததா என்று தெரியாது.

ஆகஸ்ட் கடைசியில் மகள் வந்து அவளை அழைத்துக்கொண்டு போனாள். நெவார்க் ஏர்போர்ட் வரை நான்தான் காரில் கொண்டுவிட்டேன். அடுத்த வருஷம் விவாகரத்து ஆனது. வழக்கு, சண்டை எதுவும் இல்லை. கையெழுத்துப் போட்ட அன்று இருவரும் வீடியோவில் இருந்தோம். அவள் தலைமுடியைக் குட்டையாக வெட்டியிருந்தாள்.

இப்போது ஒவ்வொரு டிசம்பரிலும் அவள் திருச்சிக்குப் போய் ஒரு மாதம் அண்ணன் வீட்டில் இருக்கிறாள். மகள் சொல்லித்தான் தெரியும். முதல் தடவை போனபோது அண்ணனும் தங்கையும் அப்பா போட்டோ முன்னால் உட்கார்ந்து வெகுநேரம் அழுதார்களாம். என்னைப் பற்றிப் பேச்சு வந்ததா என்று மகளிடம் கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.

போன மாதம் மகளைப் பார்க்க டெக்ஸாஸில் ஆஸ்டின் போனேன். மகளுக்கு மீட்டிங் இருந்ததால் ஏர்போர்ட்டுக்கு அவள் அம்மா வந்திருந்தாள். நான் எதிர்பார்க்கவில்லை. பின்சீட்டில் பையை வைத்துவிட்டு முன்னால் ஏறிக்கொண்டேன். டோல் ரோட்டில் நன்றாக வேகமாக ஓட்டினாள். வெயிலைப் பற்றியும், மகள் பார்க்கிற பையனைப் பற்றியும் பேசினோம். அவன் நல்லவன் என்றாள். மகள் பேசும்போது போனை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டுக் கேட்கிறானாம்.

மகளின் அபார்ட்மென்ட் வாசலில் வண்டியை நிறுத்தினாள். மேலே வந்து காபி குடித்துவிட்டுப் போயேன் என்று கூப்பிட்டேன். வேலை இருக்கிறது என்றாள். என்மேல் இன்னும் கோபம் இருக்கிறதா என்று கேட்க வேண்டும் என வழி நெடுக நினைத்துக்கொண்டே வந்திருந்தேன். இறங்கி, பின்சீட்டுப் பையை எடுத்துக் கீழே வைத்துவிட்டு ஜன்னலருகே குனிந்தபோது அது வாய் வரை வந்துவிட்டது. அவளும் காத்திருந்த மாதிரி இருந்தது. கேட்டால் அவள் பதில் சொல்ல வேண்டியிருக்கும். அதை அவள் மேல் ஏற்ற எனக்கு மனசு வரவில்லை.

"பாத்துப் போ" என்றேன்.

"வெயில்ல நிக்காதீங்க. உள்ள போங்க."

கார் பார்க்கிங்கைவிட்டு வெளியேறிச் சாலையில் கலந்தது. நான் பையை எடுத்துக்கொண்டு படியேறினேன்.